கனவான் கள்ளனின் ஆகப்பெரிய களவு

ஆர்சன் லூப்பின் என்ற பெயர் 2021 ஜனவரிக்குப் பிறகு எங்கட இளம் ஆக்கள் மத்தியில் புதிதாகப் புழங்கத் தொடங்கியிருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் தொடர்தான் காரணம். தொடரைப் பார்த்தவர்களில் பலர் மூலக் கதைகளை வாசிக்கவில்லை. வாசித்தவர்களும் பெரும்பாலும் முதல் தொகுதியோடு நின்றுவிடுகிறார்கள். அந்தத் தொகுதி அவ்வளவு சுவையானது, ஆகவே அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இந்தக் கள்ளன் முஸ்லிம்களின் மண்ணுக்குள் காலடி வைப்பது பிந்திய நாவல்களில்தான். அங்கே அவன் செய்த ஒரு காரியத்தைப் பற்றித் தமிழில் யாரும் பேசி நான் காணவில்லை. அதைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லூப்பினைப் படைத்த மொரிஸ் லெப்லாங் 1864இல் ரூவாங் நகரில் பிறந்தவர். ஃப்ளோபேரும் அதே நகரத்தவர். ஃப்ளோபேர், மோப்பசான் வரிசையில் தானும் ஓர் இலக்கியகர்த்தாவாக வேண்டுமென்பதே லெப்லாங்கின் ஆசை. உளவியல் நாவல்கள் எழுதினார். விமர்சகர்கள் ஓரளவு மதித்தார்கள், வாசகர்கள் வாங்கவில்லை. நாற்பது வயதில் அவரிடம் பியேர் லாஃபித் என்ற பதிப்பாளர் வந்தார். 1905இல் ‘ஜ ஸே தூ’ என்ற பெயரில் ஒரு சஞ்சிகை தொடங்கியவர் அவர். ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்பது அப்பெயரின் பொருள். இங்கிலாந்தில் ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகள் சஞ்சிகை விற்பனையைத் தூக்கி நிறுத்தியதுபோல் பிரான்சிலும் ஒன்று வேண்டுமென்றார். அவ்வாண்டு ஜூலை இதழில் ‘ஆர்சன் லூப்பின் கைது’ வெளிவந்தது. தன் நாயகனை முதற் கதையிலேயே பொலிஸில் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தொடங்கிய எழுத்தாளர் உலகத்தில் அதிகம் பேர் இல்லை.

அந்தக் கதையின் கட்டமைப்பு இன்றைக்கும் வியக்க வைப்பது. அத்லாந்திக்கைக் கடக்கும் ‘லா ப்ரொவாங்ஸ்’ என்ற கப்பல். நடுக்கடலில் கம்பியில்லாத் தந்தி வருகிறது: லூப்பின் உங்கள் கப்பலில் இருக்கிறான், முதலாம் வகுப்பில், பொன்னிறத் தலைமுடி, வலது முன்கையில் காயம், தனியாகப் பயணம் செய்கிறான், அவன் பாவிக்கும் பெயரின் முதலெழுத்து... அத்தோடு செய்தி அறுந்துபோகிறது. பயணிகள் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். நமக்குக் கதை சொல்லிக்கொண்டு வருகின்ற இளைஞனும் அவர்களோடு சேர்ந்து தேடுகிறான். நியூயோர்க் துறைமுகத்தில் கனிமார் என்ற கிழட்டுப் பொலிஸ்காரர் காத்திருந்து, கதைசொல்லியைக் கைதுசெய்கிறார். ‘நான்’ என்று பேசிக்கொண்டிருந்தவனே கள்ளன். அகதா கிறிஸ்டி இதே உத்தியைக் கையாண்டு புகழ்பெற்றது 1926இல். லெப்லாங் இருபத்தொரு வருடங்களுக்கு முன்பே, ஒரு சஞ்சிகைச் சிறுகதைக்குள், அதைச் செய்து முடித்துவிட்டார்.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1905 மார்ச்சில் அமியான் நகரில் மரியுஸ் ஜேக்கப் என்ற அனாக்கிசவாதியின் வழக்கு நடந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை உடைத்தவர். உழைக்காமல் வாழ்கிறவர்களிடம் மாத்திரமே களவெடுப்போம் என்பதும், உயிருக்கு ஆபத்து வந்தாலன்றி யாரையும் கொல்வதில்லை என்பதும் அவருடைய கூட்டத்தின் விதிகள். ஜேக்கப்தான் லூப்பினுக்கு மாதிரி என்று பலர் சொல்லியிருக்கிறார்கள், லெப்லாங் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் ஹோர்னங் எழுதிய ‘ரஃபிள்ஸ்’ என்ற கனவான் கள்ளனும் அவருக்கு முன்னரே இருந்தான். மாதிரி யார் என்ற ஆராய்ச்சியை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஜேக்கப்புக்கு ஆயுட்காலக் கடூழியத் தண்டனை கிடைத்தது, பிரெஞ்சு கயானாவுக்கு அனுப்பப்பட்டார். லூப்பினுக்குக் கைதட்டல் கிடைத்தது. அவனை எழுதியவருக்கு 1908இல் அரசின் லீஜியன் ஒஃப் ஒனர் விருது கிடைத்தது.

அட்டியல் கதை தரும் அளவுகோல்

1907இல் வெளிவந்த முதற் தொகுதியில் ஒன்பது கதைகள். அவற்றில் என் தெரிவு ‘மகாராணியின் அட்டியல்’. மரி அந்துவானெத் அரசியின் பெயரோடு சேர்ந்துவிட்ட அந்த வைர அட்டியல் ட்ரூ-சுபீஸ் என்ற பிரபுக் குடும்பத்தில் இருக்கிறது. ஓர் இரவு அது காணாமற் போகிறது. அந்த வீட்டில் ஹென்றியெத் என்ற பெண் தன் சின்ன மகனோடு ஒண்டியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரியின் பழைய தோழி, இப்போது வசதியற்றுப் போனதால் ஏறக்குறைய வேலைக்காரியாக நடத்தப்படுகிறாள். சந்தேகம் அவள்மீது விழுகிறது. நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் வீட்டைவிட்டுப் போகவேண்டி வருகிறது. பின்பு யாரோ பெயர் சொல்லாமல் அவளுக்குக் காசு அனுப்புகிறார்கள். அது பிரபுவின் மனைவி அனுப்பியது என்று நினைத்து அந்த அப்பாவி நன்றிக் கடிதம் எழுதுகிறாள்.

பல வருடங்களுக்குப் பிறகு அதே வீட்டு விருந்தில் ஃப்ளோரியானி என்ற கனவான் ஒருவர் அந்தப் பழைய களவைப் படிப்படியாக விளக்கிக் காட்டுகிறார். சின்ன யன்னல் வழியே போகக்கூடியது ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுதான். உம்மாவை அவமானப்படுத்திய வீட்டில் அந்தப் பிள்ளை கைவைத்தது. விருந்து மேசையில் இருக்கின்ற பிரபுவுக்கு, தன் முன்னால் இருப்பவர் யாரென்று மெல்ல விளங்குகிறது. விருந்தாளிகளுக்கு முன்னால் அவரால் வாய் திறக்க முடியாது. சில நாட்களில் அட்டியல் திரும்பி வந்து சேர்கிறது.

இந்தக் கதையை நான் பலதடவை வாசித்திருக்கிறேன். இதில் களவு ஒரு கணக்குத் தீர்ப்பு. பணக்காரர் ஓர் ஏழைப் பெண்ணின் மானத்தை எடுத்தார்கள், அவளுடைய மகன் அவர்களுடைய மாணிக்கத்தை எடுத்தான். பொருளுக்குப் பின்னால் ஒரு மனுஷியின் முகம் இருக்கிறது. களவு கொடுத்தவர் யார், களவு போவதற்கு முன் அவர் யாருக்கு என்ன செய்தார் என்று கதை கேட்கிறது. லூப்பினை அளப்பதற்கு வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவரத் தேவையில்லை. லெப்லாங்கே இந்தக் கதையில் தந்துவிட்டார்.

அடுத்த விசயம் பார்வை. லூப்பின் பெரும்பாலும் துப்பாக்கியை நம்புவதில்லை, மற்றவர்களுடைய கண்ணை நம்புகிறான். நல்ல கோட்டு, நல்ல பேச்சு, ஒரு பட்டப்பெயர் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும். ‘லூப்பினின் தப்பியோட்டம்’ கதையில் இது தலைகீழாக நடக்கிறது. சிறையிலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படுபவன் வீங்கிய முகத்தோடு நிற்கும் ஒரு பஞ்சப்பரதேசி. இவன் லூப்பின் இல்லையென்று கனிமாரே சாட்சி சொல்கிறார். ஆளை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அவன் லூப்பினேதான். மருந்தேற்றித் தன் முகத்தைத் தானே கெடுத்துக்கொண்டவன். கனவானைச் சட்டம் சந்தேகிக்காது, பரதேசியைச் சட்டம் உற்றுப் பார்க்காது. இரண்டு குருட்டுத்தனத்தையும் அவன் பாவிக்கிறான்.

அபூ ஸைதும் லூப்பினும்

வேசம் போட்டு ஊரை ஏய்க்கும் நாயகன் எங்கட இலக்கியப் பாரம்பரியத்துக்குப் புதியவன் அல்ல. பஸ்றாவைச் சேர்ந்த ஹரீரி (1054–1122) எழுதிய ‘மகாமாத்’ மத்ரஸாக்களில் அறபு மொழி வளத்துக்காகப் படிப்பிக்கப்பட்டு வந்த நூல். அதில் வரும் ஸரூஜைச் சேர்ந்த அபூ ஸைத் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கோலத்தில் தோன்றுவான். ஓரிடத்தில் கண்ணீர் வரப் பயான் பண்ணுவான், இன்னோரிடத்தில் வழக்காளியாக காழியார் முன் நிற்பான். பேச்சு ஒன்றுதான் அவனுடைய முதலீடு. கதைசொல்லியான ஹாரித் இப்னு ஹம்மாம் கடைசியில் அவனை அடையாளம் கண்டுகொள்வார், கோபிப்பார், ஆனாலும் அவனுடைய நாவன்மையை விட்டுப் பிரிய மனம் வராது. லூப்பினின் கதைகளிலும் இப்படி ஒரு நண்பர்-கதைசொல்லி வருகிறார். வாசகர் கொடுக்கின்ற செல்லமும் இரண்டிலும் ஒன்றுதான்.

ஆனால் முடிவில் இருவரும் பிரிகிறார்கள். ஹரீரியின் ஐம்பதாவது மகாமாவில் அபூ ஸைத் பஸ்றாப் பள்ளிவாசலில் தௌபா செய்கிறான். வேசமாகத் தொடங்கியது மெய்யாக முடிகிறது. லூப்பினுக்கும் லெப்லாங் ஒரு தௌபாவை ஒழுங்கு பண்ணியிருக்கிறார். அது நடக்கின்ற இடம் பள்ளிவாசலோ தேவாலயமோ அல்ல, அல்ஜீரியாவிலுள்ள ஸீதீ பில் அப்பாஸ் பட்டாளமுகாம்.

1910இல் வெளிவந்த ‘813’ நாவலின் முடிவில் லூப்பின் மனமுடைந்து, சாக நினைத்து, சாகாமல் பிழைத்து, பிரெஞ்சு வெளிநாட்டுப் படையணியில் சேரப் போகிறான். அந்தப் படையணி 1831இல் உருவாக்கப்பட்டது. அல்ஜீரியாவைப் பிடிப்பதற்கே முதலில் பாவிக்கப்பட்டது. பழைய பெயரைக் கேட்காமல் ஆளைச் சேர்ப்பது அதன் வழக்கம். பிரான்சில் பாவம் செய்தவன் ஆபிரிக்காவில் சண்டை பிடித்துச் சுத்தமாகலாம் என்பது அக்காலப் பிரெஞ்சு மனத்தில் ஊறிப்போன ஓர் எண்ணம். யாரை எதிர்த்துச் சண்டை பிடித்து என்ற கேள்வி அந்த எண்ணத்துக்குள் இல்லை.

ஒரு நாட்டைக் கொடுத்து வாங்கிய விடுதலை

‘புலியின் பற்கள்’ ஆங்கிலத்தில் 1914இலும் பிரெஞ்சு மொழியில் 1920இலும் வெளிவந்தது. நான் வாசித்தது தெக்ஸேரா த மத்தோஸின் ஆங்கில மொழிபெயர்ப்பை. இதில் லூப்பினின் பெயர் தொன் லூயிஸ் பெரன்னா. ‘ஆர்சன் லூப்பின்’ என்பதன் எழுத்துக்களைக் குலைத்து அடுக்கிய பெயர் அது. மொரோக்கோவில் வீரம் காட்டிய படைவீரனாகப் பாரிஸுக்குத் திரும்பியிருக்கிறான். கொலை வழக்கொன்றில் மாட்டுகிறான். காதலியைக் காப்பாற்ற உடனே வெளியே போகவேண்டும், பொலிஸ் விடாது. அப்போது பிரதம மந்திரி வாலங்லேயிடம் ஒரு பேரம் பேசுகிறான்.

அவன் சொல்லும் கதை இது. பர்பர் கோத்திரத்தார் தன்னைச் சிறைபிடித்தார்கள். தன் பழைய கூட்டாளிகளைக் கடல்வழியே வரவழைத்தான். கோத்திரங்களை ஒவ்வொன்றாக அடக்கினான். இன்று மொரித்தானியா முழுக்க அவனுடைய இராச்சியம். அவன் முதலாம் ஆர்சன், பேரரசன். அந்த இராச்சியத்தைப் பிரான்சுக்குத் தந்துவிடுகிறான், பதிலுக்குத் தன்னைப் போகவிட வேண்டும். பிரதம மந்திரி திகைக்கிறார், பிறகு மகிழ்கிறார். பேரம் படிகிறது. கள்ளன் தேசபக்தனாகிறான்.

லெப்லாங் இதைப் பகிடியும் பெருமையுமாகச் சொல்லிப் போகிறார். வாசிக்கும்போது நானும் சிரித்தேன், அவருடைய எழுத்து அப்படி. ஆனால் அந்த அறைக்குள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் இருக்கிறார்கள். அந்த மண்ணில் தொழுது, ஒட்டகம் மேய்த்து, பேரீச்சை நட்டு வாழ்ந்தவர்களுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. ஹென்றியெத்துக்குக் கதை ஒரு பெயரையும் ஒரு கடிதத்தையும் கொடுத்தது. இவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

இது வெறும் கற்பனை நாடுமல்ல. லூப்பின் பிறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1905 மேயில், மொரித்தானியாவைப் பிரான்சின் பிடிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த சேவியர் கொப்போலானி திஜிக்ஜாவில் கொல்லப்பட்டார். முஸ்லிம் தரீக்காக்களைப் பற்றி 1897இல் பெரிய நூலொன்றைக் கூட்டாக எழுதிய அதிகாரி அவர். ஷெய்குமாரைப் புரிந்துகொண்டு அவர்கள் ஊடாகவே நாட்டைப் பிடிப்பது அவருடைய வழி. 1912இல் ஃபெஸ் ஒப்பந்தத்தின் மூலம் மொரோக்கோ பிரான்சின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. லெப்லாங்கின் நாவல் பிரெஞ்சில் வெளிவந்த அதே 1920இல் மொரித்தானியா முறைப்படி குடியேற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அது சுதந்திரம் பெற்றது 1960 நவம்பர் 28இல். வருடக்கணக்கில் இரத்தம் சிந்தி நடந்த ஒன்றை நாவல் ஒருவனுடைய சாகசமாகவும் அன்பளிப்பாகவும் மாற்றிக் கொடுக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு மக்ஸூம் குலத்துப் பெண்ணின் சம்பவம் நினைவுக்கு வருகிறது. வாசகர் அறிந்த ஹதீஸ்தான். அந்தக் கண்ணியமான குலத்துப் பெண் களவெடுத்துப் பிடிபட்டபோது, அவளுக்காகப் பரிந்துபேச உஸாமா (ரழி) அவர்களை அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. உயர்குலத்தவன் திருடினால் விட்டுவிடுவதும் பலவீனன் திருடினால் தண்டிப்பதுமே முன்னைய சமூகங்களை அழித்தது என்று எச்சரித்தார்கள். தன் சொந்த மகளாக இருந்தாலும் சட்டம் ஒன்றே என்றார்கள். ‘கனவான் கள்ளன்’ என்ற சொற்சேர்க்கையைக் கேட்டுப் பிரெஞ்சு வாசகர் புன்னகைத்தார். இந்த ஹதீஸை அறிந்தவருக்கு அதிலுள்ள ‘கனவான்’ என்ற பாதிதான் உறுத்தும். களவை மன்னிக்க வைப்பது கனவான்தனம் என்றால், ஒரு நாட்டைப் பிடிக்கின்ற இராச்சியமே ஆகப்பெரிய கனவான்.

இரண்டு ‘பே’க்கள்

1918இல் வந்த ‘தங்க முக்கோணம்’ நாவலையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். யுத்தகாலப் பாரிஸ். கப்டன் பெல்வாலின் விசுவாசமான தோழன் ஒரு செனகல் வீரன். ஒரு கையை இழந்தவன், காயத்தால் பேச்சையும் இழந்தவன். ‘யா-பொங்’ என்ற இரண்டு அசைதான் அவனுக்கு வரும், அதுவே அவனுடைய பெயரும். செனகல் வீரர்கள் பேசுவதாகச் சொல்லப்பட்ட கொச்சைப் பிரெஞ்சு அது. பனானியா என்ற கொக்கோ மாவுக்காரர்கள் 1915இலிருந்து சிரிக்கும் செனகல் வீரனின் படத்தோடு அதையே விளம்பரமாக்கியிருந்தார்கள். செனகலின் கவிஞரும் பின்னாளில் அதன் ஜனாதிபதியுமான செங்கோர் அந்தச் சிரிப்பைத் தன் கவிதையில் கோபத்தோடு எதிர்த்தார். யா-பொங் நல்லவன், தைரியசாலி, கதைக்காக உயிரையும் கொடுக்கிறான். பேச மட்டும் விடமாட்டார்கள்.

அதே நாவலின் வில்லன் எஸ்ஸாரெஸ் பே, பிரான்சின் தங்கத்தைக் களவாக வெளியே கடத்துகின்ற கீழைத்தேய வங்கியாளன். நல்ல கறுப்பன் வாயில்லாதவன், வாயுள்ள கிழக்கத்தியான் துரோகி. மூன்றாவது வகைக்கு அங்கே இடம் கிடையாது.

‘பே’ என்ற பட்டம் எங்கட வாசகருக்குப் பழக்கமானது. எம். ஸீ. சித்திலெப்பை 1885இல் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்தின் முதற் தமிழ் நாவலாகப் போற்றப்படுவது. எகிப்தில் பிறந்து, இந்தியாவுக்குக் கடத்திவரப்பட்ட பிள்ளையின் சாகசக் கதை. அங்கேயும் களவு, வேசம், சூழ்ச்சி எல்லாம் உண்டு. ஆனால் ‘பே’ அங்கே நாயகன், தன் பிறப்புரிமையைத் தேடிப் போகிறவன். லெப்லாங்குக்கு இருபது வருடம் முன்னால் கண்டியில் இருந்து ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்பதை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கலையழகில் சித்திலெப்பையை லெப்லாங்குக்குச் சமமாக வைக்க நான் வரவில்லை. கதையின் மையத்தில் யாரை நிறுத்துவது என்பதில் சித்திலெப்பைக்கு வேறு பார்வை இருந்தது.

அஸான் திரும்பி வந்தபோது

நெட்ஃபிளிக்ஸ் தொடரின் நாயகன் பெயர் அஸான் தியோப். அஸான் என்பது செனகல் நாவில் திரிந்த ஹஸன்தான். எங்கட அசனும் அதே பெயர். வாப்பா பாபக்கர் செனகலிலிருந்து வந்த சாரதி. பெரும் பணக்காரனான பெல்லெக்ரினியின் வீட்டில் வேலை. மகாராணியின் அட்டியல் களவுபோகிறது, பழி சாரதியின்மீது விழுகிறது, அவர் சிறையிலே தூக்கில் தொங்குகிறார். அவர் மகனுக்கு விட்டுப்போன சொத்து ஒரு லூப்பின் புத்தகம். ஹென்றியெத் நின்ற இடத்தில் ஆபிரிக்கச் சாரதியை நிறுத்தியதன் மூலம், லெப்லாங்கின் ஆகச்சிறந்த கதையின் உயிரைத் தொடர் சரியாகப் பிடித்திருக்கிறது. கனவானாக வேசம் போட்டு லூப்பின் மறைந்தான். அஸான் லூவ்ரில் கூட்டித் துடைக்கும் தொழிலாளியாகவே நிற்கிறான், ஒருவரும் பார்ப்பதில்லை. அவனுடைய புனைபெயர்களுக்குள் லூப்பினின் எழுத்துக்கள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பவர் யூசுப் கெதிரா என்ற பொலிஸ்காரர், அவரும் லூப்பின் வாசகர். வாயில்லாத யா-பொங்கிலிருந்து இவர்கள்வரை பிரெஞ்சுக் கற்பனை தூரம் வந்திருக்கிறது.

ஆனாலும் தொடரின் கதை மொரித்தானியாப் பக்கம் போகவில்லை. அஸானாக நடித்த ஒமர் ஸீயின் வாப்பா செனகலைச் சேர்ந்தவர், உம்மா மொரித்தானியாவைச் சேர்ந்தவர். லூப்பின் பிரான்சுக்குப் பரிசாகக் கொடுத்த நாட்டின் மகள் பெற்ற பிள்ளை லூப்பினின் தொப்பியை அணிந்து உலகமெங்கும் புகழ்பெறுகிறான். இதைவிடக் கூர்மையான ஒரு கதையை லெப்லாங்கே யோசித்திருக்க முடியாது. தொடரை எழுதியவர்கள் அந்த நாவலைத் திறந்திருந்தால், வாப்பா கொடுத்த புத்தகம் மகனிடம் ஒரு கஷ்டமான கேள்வி கேட்டிருக்கும்.

இதற்காக லெப்லாங்கை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கள்ளனை நாயகனாக்கும் கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று சொல்லும் பெரியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். லூப்பினை வாசித்துவிட்டு வீடுடைக்கப் போனவனை நான் இன்னும் காணவில்லை. பயப்பட வேண்டியது அதற்கல்ல. வீடுடைத்தால் களவு, நாடு பிடித்தால் வீரம் என்ற கணக்கு சிரிப்போடு சிரிப்பாக உள்ளே இறங்குவதற்குத்தான். வெறும் பொழுதுபோக்குக் கதைக்கு என்னத்துக்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். தீவிர நாவலில் வந்தால் நாங்கள் உசாராக இருப்போம். பொழுதுபோக்கில் வந்தால் பிடிபடாமல் போய்விடும்.

லூப்பின் கதைகள் தமிழில் ஒழுங்காக, மூலத்துக்கு விசுவாசமாக வரவேண்டும். எங்கட மொழிபெயர்ப்பாளர் யாராவது இறங்குவதானால் ‘மகாராணியின் அட்டிய’லோடு நிறுத்தாமல் ‘புலியின் பற்க’ளையும் சேர்த்துச் செய்யட்டும். ஆறு வயது ராவுலுக்குத் தெரிந்திருந்த நியாயம் பேரரசன் ஆர்சனுக்கு ஏன் தெரியாமற் போனது என்பதை வாசகர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.